ஓர் ஆளுக்கான ஓவன் சாப்பாடும் 74,600 ரூபாய் உப்பும்

முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவதே எனக்குத் தொழிலாக இருந்தது. ஒற்று மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் கண்ணால் பொறுக்கி எடுத்துப் பழகியவன், பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்த ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டதால் நான்கு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேன். அந்தச் சொல் ‘பொட்டாசியம் குளோரைடு’. சிறுநீரகம் பழுதானவர், அதிலும் தனியாக இருந்து தனக்குத்தானே சமைத்துக்கொள்பவர், இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கீழே வரும் அளவுகள் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து எனக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் முடிவுகள் வேறாக இருந்தால் உங்களுக்கான அளவும் வேறாகத்தான் இருக்கும்.

2024 ஜனவரியில் கால் வீக்கத்திற்காகப் பரிசோதனை செய்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவான கிரியேட்டினின் 2.1 என்று வந்தது. என் வயதான 63ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 34. முப்பதுக்கும் நாற்பத்து நான்குக்கும் இடையில் இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோயின் 3பி நிலை என்றார்கள். பல ஆண்டுகளாகச் சரியாகக் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமே காரணமாம். நோயாளிகள் கூட்டத்திற்கு நடுவே மருத்துவர் என்னைப் பார்த்தது ஆறு நிமிடம் இருக்கும். “உப்பைக் குறைங்க சார், மாத்திரையை விடாதீங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார். அதைக் குறைகூற முடியாது; சொன்ன மூன்றும் சரியானவைதாம். நான்காவதாக ஒன்றை நான் கேட்டிருக்க வேண்டும்: உப்பைக் குறைப்பதென்றால் எதைக் கொண்டு குறைப்பது? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

மனைவி இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருச்சி உறையூரில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். அதுவரை காலையில் இட்லிக் கடை, மதியம் மெஸ், இரவு இரண்டு வாழைப்பழம் என்று ஓடிக்கொண்டிருந்தது. மெஸ் சாம்பாரிலும் ஊறுகாயிலும் இருக்கும் உப்பை நினைத்து இனி வீட்டிலேயே சமைப்பது என்று முடிவெடுத்தேன். மகள் பெங்களூருவுக்குக் குடிபோனபோது விட்டுச்சென்ற ஓ.டி.ஜி. ஓவன், அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன் ஒன்று, அட்டைப்பெட்டியோடு பரணில் இருந்தது. அடுப்பருகே நின்று கிண்ட வேண்டாம், எண்ணெய் அதிகம் வேண்டாம், ஒரே பாத்திரம். தனி ஆளுக்கு இதைவிட வசதி ஏது என்று தோன்றியது. காணொளி ஒன்றில் பார்த்தபடி உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தக்காளி, பாலக்கீரை ஆகியவற்றை நறுக்கித் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து, சிவக்கச் சிவக்கச் சுட்டு எடுத்தேன். அப்படிச் சுட்ட கிழங்கின் விளிம்பில் பிடிக்கும் காந்தலின் மணம் இருக்கிறதே, இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக நான் பசியோடு சாப்பிட்டது அன்றுதான். அதனால் அதுவே ஐந்து வாரங்களுக்குக் கிட்டத்தட்ட தினமும் இரவுச் சாப்பாடாயிற்று.

உப்புக்கு வருகிறேன். பல்பொருள் அங்காடியில் ‘குறைந்த சோடியம்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்த உப்பைப் பார்த்ததும் எனக்காகவே செய்து வைத்ததுபோல் இருந்தது. விலை அறுபது ரூபாய்க்குள்தான். நாக்குக்கு அது சற்றுக் கசப்பாகவும் உப்பு போதாததாகவும் பட்டது. குறைந்த சோடியம்தானே என்ற தைரியத்தில் இன்னொரு கரண்டி தூவினேன். இந்த வகை உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது நன்மை செய்யலாம், இரத்த அழுத்தத்தையும் குறைக்கலாம். ஆனால் உடலில் சேரும் பொட்டாசியத்தின் பெரும்பகுதியை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் வேலை செய்யும் சிறுநீரகத்திடம் போய் இதைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை நான் உடம்பால் கற்றேன். என் உயர் இரத்த அழுத்தத்திற்காகக் கொடுத்திருந்த டெல்மிசார்ட்டன் மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் தன்மை உடையது. போதாக்குறைக்கு, முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் நானாகக் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை அந்த வாரத்தில் மூன்று நாட்கள் போட்டிருந்தேன். அதுவும் சிறுநீரகத்தை மேலும் முடக்கக்கூடியது என்று பிறகுதான் தெரிந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அதிகாலை மூன்றரை மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தேன். எழ முடியவில்லை. கால்கள் வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. நனைந்த துணியைப்போல் சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடந்தன. நெஞ்சில் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது அவசரமாக வருவதுபோல் இருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பயத்தைவிட வெட்கமே முன்னால் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. இந்த நேரத்தில் யாரை எழுப்புவது என்று யோசித்து முக்கால் மணி நேரத்தை வீணாக்கினேன். கடைசியில் சுவரைப் பிடித்து நடந்து தெருமுனைக்கு வந்து ஆட்டோ பிடித்தேன். அது பெரும் தவறு. 108ஐ அழைத்திருக்க வேண்டும். இதயத் துடிப்பு தடுமாறும் ஒருவர் வழியில் விழுந்தால் ஆட்டோ ஓட்டுநரால் ஒன்றும் செய்ய முடியாது. கதவை உள்ளே தாழிடாமல் விடுவது, பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைப்பது ஆகிய இரண்டையும் அதன் பிறகுதான் செய்தேன்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் சிறுநீரகக் கோளாறு என்று நான் சொன்ன மறுநொடியே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். இரத்த முடிவு வரக் காத்திருக்காமல் அந்தத் தாளில் கூடாரம்போல் கூர்மையாக எழுந்து நின்ற அலைகளைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்கினார்கள். பொட்டாசியம் 6.8. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி, பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளக் குளுக்கோஸோடு இன்சுலின், மூச்சு வழியே சால்பியூட்டமால், குடல் வழியே வெளியேற்ற ஒரு பொடி என்று வரிசையாகக் கொடுத்தார்கள். குறையாவிட்டால் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று சம்மதப் படிவத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குத் தேவை வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு இரவும் பொது வார்டில் இரண்டு இரவும் கழிந்தன. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: என்னைப்போல் கால் தளர்ந்து எச்சரிக்கை கிடைப்பது எல்லோருக்கும் நடப்பதில்லை, எந்த அறிகுறியும் இல்லாமலேயே பொட்டாசியம் ஏறுவதுண்டு. ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது இதில் சான்றாகாது. இரத்தப் பரிசோதனைதான் சான்று.

கட்டணம் 74,600 ரூபாய். மருத்துவக் காப்பீடு ஒன்று இருந்தது. மனைவி இறந்த ஆண்டு தவணை கட்டும் கடிதத்தை உறையைப் பிரிக்காமலேயே மேசைமீது போட்டுவிட்டேன், அது காலாவதியாகிவிட்டது. வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். அடுத்த மாதம் முழுவதும் வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த செலவு தனி. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து மூன்று நாட்கள் இருந்தாள். மூன்றாம் நாள் சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்து, “அப்பா, இதப் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உபயோகிக்கக்கூடாது என்று அதிலேயே இருந்தது. அச்சகத்தில் இவ்வளவு சின்ன எழுத்தில் ஒரு பக்கம் வந்திருந்தால் உருப்பெருக்கியை எடுத்திருப்பேன். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் குறைந்த சோடிய உப்பைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று தனியாகவே சொல்லியிருந்தது. எனக்குப் பத்து மாதம் தாமதமான செய்தி.

வீடு திரும்பும் முன் மருத்துவமனையின் உணவியல் நிபுணர் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசினார். சிறுநீரக நோயாளி கேட்டுப் பெற வேண்டிய முதல் விஷயம் இந்த நாற்பது நிமிடம்தான் என்பேன். அதற்கு அவர்கள் வாங்கிய தொகை 500 ரூபாய். எனக்கு அவர் எழுதித் தந்த அளவுகள்: நாள் முழுவதற்கும் உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், அறுபது கிலோவான எனக்கு 48 கிராம்; பொட்டாசியம் 2000 மில்லிகிராம். பிறகு என் ஓவன் தட்டைக் கணக்குப் போட்டுக் காட்டினார். உருளைக்கிழங்கு 200 கிராமில் 800க்கு மேல், ஒரு கட்டுக் கீரையில் 500க்கு மேல், இரண்டு தக்காளியில் 400க்கு மேல், சர்க்கரைவள்ளியில் 300க்கு மேல். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்குச் சற்று மேல், 52 சதவீதம், பொட்டாசியமே. ஆக உப்பையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு உரியதை ஒரே வேளையில் தாண்டிவிட்டேன். இதோடு பகலில் பக்கத்து வீட்டுத் தங்கை அன்போடு வெட்டிக் கொடுத்த இளநீர் வேறு. சூட்டைத் தணிக்கும் என்று நாம் நம்பும் அந்த இளநீர் ஒன்றிலேயே 600 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும்.

அன்று அவர் சொன்னவற்றுள் என் சமையலையே மாற்றியது ஒரு வாக்கியம். “ஓவன்ல வச்சா எதுவும் வெளிய போகாது ஐயா.” பொட்டாசியம் நீரில் கரையும். காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதோடு கணிசமான பங்கு போய்விடும். பச்சையாக நறுக்கி ஓவனில் வைத்தால் ஈரம் மட்டும் ஆவியாகும். தாதுக்கள் அப்படியே தட்டில் நிற்கும், கிழங்கு சுருங்கச் சுருங்க வாய்க்கு வாய் அடர்த்தியாகவும் ஆகும். குக்கரும் ஏறக்குறைய இதே கதைதான், காய் வெந்த தண்ணீர் குழம்புக்குள்ளேயே இருக்கிறது. வடித்துக் கொட்டுவது சத்தை வீணாக்குவது என்று நாம் இத்தனை காலம் படித்தது மற்றவர்களுக்குச் சரி. எனக்கு அந்தச் சத்தே சுமை. ஆகவே ஓவனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஓவனுக்கு முன்னால் ஒரு வடிதட்டு வேண்டும், அவ்வளவே.

இதில் பலர் செய்யும் தவறொன்றை நானும் செய்தேன். இரவில் உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, ‘எல்லாம் இறங்கியிருக்கும்’ என்று காலையில் சுட்டேன். ஊறவைப்பதால் மட்டும் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் நீந்தும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடமாவது கொதிக்கவிட்டு வடித்தால்தான் பாதியளவு குறையும். அரை அங்குலத்துக்கு மேல் கனமான துண்டு என்றால் நடுவில் இருப்பது நடுவிலேயே இருக்கும். அப்படி வடித்த கிழங்கும் பொட்டாசியம் இல்லாத கிழங்கு ஆகிவிடாது. நான் மாதம் ஒருமுறை ஆசைக்கு 80 கிராம் எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் ஆறு வாரங்களில் எதிர்த் திசையில் ஓடினேன். பயத்தில் உப்பே போடவில்லை, மீன் முட்டை எதையும் தொடவில்லை, எல்லாக் காயையும் சக்கையாக வேகவைத்துத் தின்றேன். நான்கு கிலோ எடை குறைந்து, மாடிப்படியில் மூச்சு வாங்கியது. அடுத்த சந்திப்பில் உணவியல் நிபுணர் கடிந்துகொண்டார். புரதத்தை அளவோடு வைப்பது ஒன்று, பட்டினி கிடப்பது வேறு. சாப்பாடு போதாவிட்டால் உடல் தன் தசையையே கரைக்கும், அதன் கழிவும் சிறுநீரகத்துக்குத்தான் போகும் என்றார். சிறுநீரக நோய் என்றதுமே எல்லோரும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரத்தத்தில் ஏறியிருந்தால்தான் அந்தக் கட்டுப்பாடு. பத்திய உணவுக்கும் ருசிக்கும் பகை என்று நானாக எழுதிக்கொண்ட சட்டம் அன்றோடு ரத்தானது. அதன் பிறகு பல சொதப்பல்களுக்குப் பின் நிலைத்த ஒரு சாப்பாட்டை இங்கே எழுதுகிறேன். வாரத்தில் மூன்று இரவுகள் இதுதான்.

ஒரு ஆளுக்கு அரை லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கிண்ணம் போதும். பெரிய தட்டில் சின்ன அளவைப் பரப்பினால் பத்து நிமிடத்தில் எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். முட்டைகோஸ் 100 கிராமை நூல்நூலாக நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, கையால் பிழிந்து வைத்துக்கொள்கிறேன். கோஸ் இல்லாத நாளில் சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ. குடமிளகாய் 50 கிராம், சின்னதாக ஒரு பெரிய வெங்காயம். மீன் 75 கிராம், முள் நீக்கியது. திருச்சியில் எளிதில் கிடைக்கும் ஜிலேபி மீனே போதும், வஞ்சிரத்துக்கு அலைய வேண்டியதில்லை. அந்த 75 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் புரதம் வந்துவிடுகிறது. மீனில் நசுக்கிய பூண்டு இரண்டு பல், கொரகொரப்பாக இடித்த மிளகும் சீரகமும், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு கிராம் ஆகியவற்றைப் பூசி, கோஸ் வேகும் நேரம் ஊறவிடுகிறேன். ஒரு கிராம் உப்பு என்பது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. 450 ரூபாய்க்கு ஒரு சமையல் தராசு வாங்கி, பத்து நாள் நிறுத்துப் பார்த்த பிறகுதான் விரல் அளவு பிடிபட்டது. சாதாரண உப்புதான், அதில் மாற்றம் வேண்டாம். இந்துப்பு என்றால் நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு.

அடுக்கும் வரிசை முக்கியம். முதலில் நான் காயை அடியிலும் சோற்றை மேலேயும் வைத்தேன். மேலே சோறு அரிசியாகத் திரும்பிப் பல்லை உடைத்தது, அடியில் காய் தண்ணீரில் மிதந்தது. இப்போது கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவி, வடித்த வெள்ளைச் சோறு ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம், அடியில் அழுத்தி வைக்கிறேன். அதன்மேல் பிழிந்த கோஸ், குடமிளகாய், வெங்காயம். எல்லாவற்றுக்கும் மேலே மீன். அதன்மேல் இன்னொரு தேக்கரண்டி எண்ணெயும் நாலு கறிவேப்பிலையும். மீனிலிருந்தும் காயிலிருந்தும் இறங்கும் சாற்றைச் சோறு குடித்துக்கொள்கிறது. ஓவனைப் பத்து நிமிடம் 180 டிகிரிக்குச் சூடாக்கி, கிண்ணத்தை அதன் மூடியோடு நடுத்தட்டில் வைத்து 20 நிமிடம், பிறகு மூடியை எடுத்துவிட்டு மேல்கம்பி மட்டும் எரியும்படி 6 நிமிடம். அலுமினியத் தாளை மூடியாகப் பயன்படுத்தினால் எலுமிச்சை பட்ட மீனில் உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முள்கரண்டியால் தொட்டால் மீன் இதழ் இதழாகப் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடிபோல் தெரியக்கூடாது. கிண்ணத்தின் ஓரத்தில் சோறு பொன்னிறமாகப் பிடித்திருக்கும். சின்ன வயதில் வெண்கலப் பானையின் அடியில் அம்மா சுரண்டித் தரும் காந்தல் நினைவிருப்பவர்களுக்கு அந்த ஓரம்தான் சாப்பாடு. மொத்தக் கிண்ணத்திலும் பொட்டாசியம் 550 மில்லிகிராம் அளவுதான் வருகிறது.

மீன் வேண்டாத நாளில் ஒரு முழு முட்டையோடு இன்னும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் அடித்து ஊற்றுகிறேன். வெள்ளைக்கருவில் புரதம் இருக்கிறது, பழுதான சிறுநீரகத்தால் சரிவர வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. அது மஞ்சள்கருவில்தான் குவிந்திருக்கிறது. முட்டை ஊற்றிய கிண்ணத்துக்கு மேல்கம்பி தேவையில்லை, 18 நிமிடத்தில் குலுங்காமல் நின்றுவிடும். முன்கூட்டியே அடுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிண்ணத்தை அப்படியே சூடான ஓவனுக்குள் வைத்து, ‘டப்’ என்ற ஓசையோடு 380 ரூபாய்க் கண்ணாடியும் ஒரு வேளைச் சாப்பாடும் போனதையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு கண்ணாடித் தூளைக் கூட்டிவிட்டு ரஸ்க் தின்று படுத்தேன்.

ஓவன் சமையல் காணொளிகளில் எதற்கெடுத்தாலும் பாலாடைக்கட்டியைத் துருவிப் போடுகிறார்கள். கட்டியாகவும் வில்லைகளாகவும் வரும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் உப்பும் உண்டு, உருகுவதற்காகச் சேர்க்கும் பாஸ்பேட்டும் உண்டு. இயற்கையாக உணவில் இருக்கும் பாஸ்பரஸில், அதிலும் பருப்பு தானியங்களில் இருப்பதில், ஒரு பங்குதான் உடலில் சேரும். சேர்மமாகக் கலக்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். பொட்டலத்தில் பாஸ்பேட் என்ற சொல் பல நேரம் இருக்காது, உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான ஐ.என்.எஸ். எண்தான் இருக்கும். ஐ.என்.எஸ். 338 முதல் 341 வரை, 450, 451, 452 ஆகிய எண்களைக் கண்டால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுகிறேன். 508 என்றால் அது நம் பழைய நண்பர் பொட்டாசியம் குளோரைடு. கேக் செய்யும் பேக்கிங் பவுடரிலும் பெரும்பாலும் சோடியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. ரொட்டித் தூளிலும் கடையில் விற்கும் ஆயத்த மீன் மசாலாவிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பூசிவிட்டு மேலே அளந்து உப்புப் போடுவது அளவு பார்க்காததற்குச் சமம். எங்கள் வீட்டு மிளகும் சீரகமும் எந்தப் பொட்டலத்துக்கும் குறைந்தவை அல்ல. உப்புக் குறைந்த நாக்கு பழகுவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதன் பிறகு மெஸ் சாம்பாரை ஒருநாள் வாயில் வைத்தபோது கடல்நீர்போல் இருந்தது.

ஆலோசனை சொல்பவர்களுக்கும் தெருவில் குறைவில்லை. “வாழைத்தண்டுச் சாறு குடிங்க அண்ணே, கிட்னி சுத்தமாயிரும்” என்று இதுவரை ஐந்து பேராவது சொல்லியிருப்பார்கள். சிறுநீரகக் கல்லும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்றல்ல. கல்லுக்குச் சொல்லும் கைமருந்தையும் ‘தண்ணீர் நிறையக் குடி’ என்பதையும் எனக்குப் பொருத்தக்கூடாது. விளிம்பிப் பழம் என்றும் நட்சத்திரப் பழம் என்றும் சொல்லும் பழத்தைப் பற்றி உணவியல் நிபுணர் தனியாக எச்சரித்தார்: அதில் உள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும் என்றார். சிறுதானியத்துக்கு மாறச் சொன்ன நண்பரிடம் மட்டும் வாதம் செய்யவில்லை, அவர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார். தவிடு நீக்காத தானியத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுதல் என்பதால் நான் வெள்ளைச் சோற்றிலேயே இருக்கிறேன். டெல்மிசார்ட்டனை நானாக நிறுத்திவிடலாமா என்று ஒரு கட்டத்தில் யோசித்ததுண்டு. அது சிறுநீரகத்தையும் காக்கும் மாத்திரை என்பதால், சில வாரம் நிறுத்தியதும் பாதி அளவில் மீண்டும் தொடங்கியதும் மருத்துவர்தாம். வலி மாத்திரையை மட்டும் வீட்டில் வைப்பதே இல்லை.

கடந்த மாத முடிவில் பொட்டாசியம் 4.7, கிரியேட்டினின் 2.0. இறங்கிவிட்டது என்று கொண்டாடும் எண் அல்ல, ஏறாமல் நிற்கிறது. அந்த உப்புப் பொட்டலத்தின் பின்பக்கத்தை மட்டும் வெட்டி, குறிப்பிட்ட சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். பழைய வழக்கப்படி ஓரத்தில் ‘நீக்குக’ குறியும் போட்டுவிட்டேன்.

தனி ஆள் சமையலில் இன்னும் தீராத தொல்லை, 75 கிராம் மீனை யாரும் விற்பதில்லை என்பது. ஞாயிறு காலை ஒரு கிலோ ஜிலேபி வாங்கிச் சதையை மட்டும் எடுத்துத் தரச் சொல்வேன். தலை, முள், தோல் போக 375 கிராம் அளவுக்குத் தேறும். அதை ஐந்து சம துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனி உறையில் கட்டி, தேதி எழுதி உறைபெட்டியில் வைத்துவிடுவேன். சமைக்கும் அன்று காலையில் ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் மாலைக்குள் இளகிவிடும். போன வாரம் மீன்காரர் வெட்டிய துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இத்தனூண்டா வெட்டச் சொல்றீங்களே சார், வீட்ல எத்தனை பேரு?” என்று கேட்டார். ஐந்து இரவுக்கு என்றேன்.